பழுக்கட்டும் என்று விட்ட கண்

கண்ணு,

நீ மகனா மகளா என்று எனக்குத் தெரியாது. நீ பிறக்க இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. எனக்கே இப்போது பதினாறுதான் நடக்கிறது. ஆனாலும் இதை உனக்குத்தான் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிற யாரிடமும் இதைச் சொல்ல மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். நீ இன்னும் பிறக்கவில்லை. அதனால் உன்னிடம் சொன்னால் சத்தியத்தை மீறியதாகாது என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இது சரியா என்று யோசித்தால் பயமாக இருக்கிறது, அதனால் யோசிக்கவில்லை.

நீ இதைப் படிக்கும்போது வளர்ந்து பெரிய ஆளாகியிருப்பாய். எனக்கு வயதாகியிருக்கும். என் அம்மாவுக்கு வந்த கண் புரை அப்போது எனக்கும் வந்திருக்கலாம். வயதானால் அநேகமாக எல்லோருக்கும் கொஞ்சமாவது வருமாம். வந்தால் நான் உன்னிடம் சொல்ல மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். நான் என் அம்மாவின் மகள். "எனக்கென்ன, நல்லாத்தான தெரியுது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். நீ நம்பாதே. நான் எப்படியெல்லாம் மறைப்பேன், நீ எப்படியெல்லாம் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிவைக்கத்தான் இந்தக் கடிதம்.

போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். லைட்டைப் போட்டால் அம்மாவுக்குக் கண் கூசும். எங்களுடையது எஸ்டேட் லயனில் ஒற்றை அறை வீடு. சுவரோரம் அம்மா ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்ததிலிருந்து தலைவலி என்றாள். வலது கண் சிவந்திருந்தது. "எலத்தூசி விழுந்துருச்சு கண்ணு, தூங்குனா செரியாப் போயிரும்" என்று சொல்லி ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான் நாளைக்கு வேதியியல் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியும் ஏறவில்லை. வெளியே பனி இறங்கி ஓட்டிலிருந்து சொட்டுகிறது. அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

உன் தாத்தாவை, அதாவது என் அப்பாவை, எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. மிளகு பறிக்க மரம் ஏறியவர் ஏணி வழுக்கி விழுந்துவிட்டார். அப்போது நான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தேனாம். அம்மாவுக்கு நான் வெகுநாள் கழித்துப் பிறந்தவள். அதனால் என் கூடப் படிக்கிறவர்களின் அம்மாக்களைவிட என் அம்மாவுக்கு வயது அதிகம். அப்பா போன பிறகும் அம்மா எஸ்டேட்டில் பழம் பறிப்பதால்தான் இந்த வீடு எங்களுக்கு இருக்கிறது. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும், வேலை போனால் வீட்டைவிட்டுப் போக வேண்டும். ஆளை வைப்பதும் நிறுத்துவதும் எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டர் ஐயா கையில். நான் ஏற்காட்டில் பஸ் ஏறிப் போய்ப் படிக்கிற பள்ளிக்கூடமும் இந்த வீட்டை வைத்துத்தான். இது தெரியாமல் இனிச் சொல்லப்போவது எதுவும் உனக்குப் புரியாது.

முதலில் டீயில்தான் கண்டுபிடித்தேன். அம்மா டம்ளரில் டீ ஊற்றும்போது ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு வைத்துக்கொள்வாள். டீ விரலைத் தொட்டதும் நிறுத்துவாள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்கா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார். அவரும் அம்மாவோடு பழம் பறிக்கிறவர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெள்ளைச் சேலையோடு எங்கள் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் போவார்.

"என்னங்கக்கா, டீயில வெரலு கழுவுறீங்க? ஊட்டுல தண்ணி இல்லீங்களா?"

"சூடு பாக்கறேன்டி. உன்னாட்ட ஆறிப்போன டீயக் குடிக்கறவளா நானு?"

ஸ்டெல்லாக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து நான் அம்மாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். நீயும் என்னை அப்படிக் கவனி. மத்தியான வெயிலில் முந்தானையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கிறேனா என்று பார். எதிரே வருகிறவர் குரல் கொடுக்கும்வரை நான் சும்மா இருந்துவிட்டு, குரல் கேட்ட பிறகு பெயரைச் சொல்லி விசாரிக்கிறேனா என்று பார். சாயங்காலம் பஸ் லைட்டைப் பார்த்துவிட்டு "சுத்தியும் பூவாட்டத் தெரியுது" என்று ஒரு நாள் அம்மா வாய் தவறிச் சொன்னாள். வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிந்தால் அது அழகில்லை கண்ணு, அது நோய். என்னுடைய ஊதா நிற யூனிஃபார்மைக் காய வைத்துவிட்டு "சாம்பக் கலரு துணி யாருது?" என்று கேட்டாள். எல்லாவற்றின் மேலும் டீக்கறை படிந்த கண்ணாடியை வைத்துப் பார்ப்பதுபோல நிறங்கள் மங்கிவிடுமாம். இதெல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. மெல்ல மெல்ல வருவதால் வந்தவர்களுக்கே தெரியாது. வலிக்கவும் வலிக்காது. வலிக்காததை நம் ஆட்கள் நோய் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். "இன்னும் தூங்கலியா?" என்றாள். "பரிச்சைக்குப் படிக்கறேம்மா" என்றேன். செம்பைத் தரையில் வைக்கப் போய், தரை வருவதற்கு முன்பே கையை விட்டுவிட்டாள். தண்ணீர் கொட்டியதைத் துடைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். கை ஈரம், எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவை ஏமாற்றியவை இரண்டு. உன்னையும் என்னையும்கூட அவை ஏமாற்றக்கூடும். ஒன்று ஊசி. வருஷக்கணக்காகக் கண்ணாடி போட்டுத்தான் ஊசி கோத்துக்கொண்டிருந்த அம்மா, ஒரு நாள் கண்ணாடி இல்லாமலே கோத்துவிட்டாள். லயன் முழுக்கப் பெருமை. "எனக்கு எளமை திரும்புது" என்று ஸ்டெல்லாக்காவிடம் ஊசியைத் தூக்கிக் காட்டினாள். இன்னொன்று சேர்வராயன் கோயிலில் நடந்தது. போன மே மாதத் திருவிழாவுக்கு நானும் அம்மாவும் கூட்டத்தோடு மேலே போனோம். அந்தக் கோயில் ஒரு குகை. குனிந்து உள்ளே போனால் விளக்கு வெளிச்சம் மட்டும்தான். வெளியே வரிசையில் நின்றபோது என் தோளை விடாமல் பிடித்திருந்த அம்மா, உள்ளே போனதும் கையை எடுத்துவிட்டாள். "கண்ணு, சாமி முகம் தெரியுது. மாலையில எந்தப் பூவு வாடியிருக்குன்னுகூடத் தெரியுது" என்று அழுதாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்தோம். மத்தியான வெயில் பாறைமேல் வெள்ளையாக அடித்தது. அம்மா மறுபடி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள கண்ணு குடுத்த சாமி வெளியவும் குடுக்கும். அவசரப்படக் கூடாது" என்றாள்.

சாமியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஏன் அப்படித் தெரிந்தது என்று பிறகு எனக்குத் தெரிந்தது. மழைக்காலம் தொடங்கும்போது சர்ச் ஹாலில் கண் கேம்ப் போட்டார்கள். ஸ்டெல்லாக்கா அம்மாவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். அங்கே இருந்த நர்சம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, எத்தன நாளா மங்கலா இருக்குது?"

"இப்பத்தானுங்க, ஒரு மாசமா."

ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்று எனக்குத் தெரியும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஊசி கோக்கறனுங்க, கண்ணாடியே இல்லாம. கோயிலுக்குள்ள சாமி முகம் தெரிஞ்சுதுங்க. கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது."

நர்சம்மா சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. "அதெல்லாம் புரை பண்ற திருட்டு வேலைங்கம்மா" என்று சொல்லி, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். கண்ணின் கறுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது. பிறக்கும்போது அது தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும். முட்டையின் வெள்ளைக்கரு வேகவேக வெளுப்பதுபோல வயதாக ஆக அது மங்குகிறது. அதுதான் புரை. பலர் நினைப்பதுபோலக் கண்ணின் மேலே படர்கிற தோல் இல்லை. அதனால் மேலே எதைப் போட்டாலும் உள்ளே இருக்கிற அது கரையாது. அம்மா அதற்கு முந்தின வாரம்தான் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். லென்ஸ் கெட்டிப்படும்போது கொஞ்ச நாளைக்குக் கிட்டத்துப் பார்வை கூடினாற்போல இருக்கும், அதுதான் ஊசி. நடுவில் மட்டும் மங்கியிருந்தால், இருட்டில் கண்ணின் பாப்பா விரியும்போது ஓரத்து வழியாக வெளிச்சம் உள்ளே போகும். அதுதான் குகை. வெயிலில் பாப்பா சுருங்கும், நடுவில் இருக்கிற மங்கல் மட்டுமே மிஞ்சும். நான் உயிரியல் புத்தகத்தில் இதைப் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் புத்தகத்தில் இருந்த கண்ணும் என் அம்மாவின் கண்ணும் ஒன்று என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

"வலது கண்ண இப்பவே பண்ணீரலாமுங்க. அடுத்த வாரம் பஸ்ஸு வரும். சேலத்துல ஆபரேஷன். மங்குன லென்ஸ எடுத்துட்டு வேற லென்ஸ் வெச்சுருவாங்க. நொம்ப நேரமெல்லாம் ஆகாது, மயக்க மருந்துகூட இல்லைங்க, கண்ண மட்டும் மரத்துப்போக வெப்பாங்க."

"இன்னும் பழுக்கலைங்களே" என்றாள் அம்மா.

"என்னதுங்க?"

"பொற பழுத்தாத்தான எடுக்கோணும்? குப்பனூர்ல எங்கண்ணன் முழுசா பழுக்கற வரைக்கும் இருந்துட்டுத்தான் எடுத்தாருங்க. காயில புடுங்குனா ஒட்டிக்கிட்டு வராதுங்களாமே."

அங்கே உட்கார்ந்திருந்த பக்கத்துக் காப்பித் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் இதைவிட நியாயமான பேச்சு கிடையாது. காயைப் பறிக்கக் கூடாது, பழத்தைத்தான் பறிக்க வேண்டும். விரலே அதற்குப் பழகியிருக்கிறது. பழுத்தது தொட்டாலே வரும், பழுக்காதது காம்போடு பிய்ந்துகொண்டு வரும்.

"இது காப்பிப் பழம் இல்லீங்கம்மா" என்றார் நர்சம்மா. "அந்தக் காலத்துல அப்பிடித்தான் சொன்னாங்க. அப்ப இருந்த வைத்தியம் அப்பிடி. இப்பப் பழுக்கவே வேண்டியதில்ல. உங்க வேலைக்கு எடஞ்சலா இருந்தாப் போதும், எடுத்துரலாம். பழுக்க விட்டாத்தான் ஆபத்து. உள்ளயே வீங்கி, கண்ணுக்குள்ள தண்ணி போற வழிய அடைச்சுரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்ணு செவந்து, மண்டையப் பொளக்கற மாதிரி வலிச்சு, வாந்தியும் வந்துச்சுன்னா அன்னைக்கே ஓடி வந்துரோணும் சாமி. விடியட்டும்னு இருக்கப்படாது. உள்ள இருக்கற நரம்பு கெட்டுப்போனா அப்புறம் எந்த ஆபரேஷனும் அதத் திருப்பித் தராது."

நான் தலையாட்டினேன்.

மேலே உள்ளதை எழுதிவிட்டுப் போய் அம்மாவைப் பார்த்தேன். முனகுகிறாள். துணியை எடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். சிவப்பு தூசியால்கூட வரும். தலைவலி அம்மாவுக்குப் பனிக்காலத்தில் வழக்கம்தான். வாந்தி இல்லை. வாந்தி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த பஸ் வந்த அன்று அம்மா போகவில்லை. ஸ்டெல்லாக்கா சர்ச் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா தோட்டத்துக்குள் குறுக்குவழியாக வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் நான் கேட்டதற்கு, "கண்ணு தெரியலைன்னு ரைட்டருக்குத் தெரிஞ்சா பழம் பறிக்க விடுவாரா? வேல இல்லைன்னா ஊட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. உன்னையக் கூட்டிட்டு நான் எங்க போறது? பழுக்கட்டும். உனக்குப் பன்னெண்டாவது முடியட்டும். அப்பறம் எடுத்துக்கலாம்" என்றாள். பிறகுதான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். ஸ்டெல்லாக்காவிடம் கேம்ப்பில் இடது வலது மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று ஏதோ கதை சொன்னாள். அவர் நம்பவில்லை, ஆனால் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் டீ குடிக்க வரவில்லை.

இனிமேல் எழுதப்போவதை அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை.

பழம் பறிக்கிற காலத்தில் சாயங்காலம் எல்லோரும் களத்துக்கு வருவார்கள். சாக்கை விரித்து, பறித்த பழத்தைக் கொட்டி, தவறிப்போய் வந்த பச்சைக்காயை அவரவரே பொறுக்கி ஓரமாகக் குவிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எடை. யார் குவியல் எவ்வளவு என்று எல்லோர் கண்ணும் பார்க்கும். ரைட்டர் ஐயா தராசுப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு குவியலையும் காலால் தள்ளிப் பார்ப்பார். குவியல் பெரிதாக இருந்தால், "பச்சக்காயி புடுங்கறதுக்கு ஆடு போதுமே, ஆளு எதுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். நான் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் களத்துக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்து பொறுக்குவேன். இந்த வருஷம் முதல் பறிப்பு அன்று அம்மா பறித்ததை நான்தான் சாக்கில் கொட்டினேன். அள்ளுகிற ஒவ்வொரு கையிலும் பச்சை. அம்மா சிவப்பைப் பார்த்துப் பறிக்கவில்லை. கிளையைப் பிடித்து விரலால் தடவித் தடவிப் பறித்திருக்கிறாள். விரலுக்கு எவ்வளவுதான் தெரியும்?

நான் கொஞ்சம் பச்சைக்காயை மட்டும் குவியலில் போட்டேன். மிச்சத்தை யாரும் பார்க்காதபோது டிபன் டப்பாவில் அள்ளி மூடிப் பைக்குள் வைத்தேன். மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்துப் புதரில் கொட்டினேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அம்மா தன் குவியலைக் கையால் தடவிப் பார்ப்பாள். சின்னதாக இருக்கும். "பாத்தியா கண்ணு, இவ்வளவுதான் பச்ச. பொற இன்னும் பழுக்கல. என்ற கண்ணுக்கு இன்னும் காலம் இருக்குது" என்பாள். ரைட்டர் ஐயா எதுவும் சொல்லாமல் தாண்டிப் போனால் எனக்கு மூச்சு வரும்.

அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. நர்சம்மா சொல்லி அம்மா கேட்கவில்லை. ஸ்டெல்லாக்கா சொல்லியும் கேட்கவில்லை. அவள் கண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அவளுக்கே காட்டக்கூடியதாக இருந்தது அந்தக் குவியல் ஒன்றுதான். அவள் அதைத்தான் நம்பினாள். அதைத்தான் நான் தினமும் அள்ளிக்கொண்டு போய்ப் புதரில் கொட்டினேன்.

அம்மா வாந்தி எடுக்கிறாள்.

வந்துவிட்டேன். தலையைப் பிடித்துக்கொண்டேன். வெறும் தண்ணீர்தான் வந்தது. செல்போன் வெளிச்சத்தை முகத்தில் அடித்தேன். வலது கண் ரத்தமாக இருக்கிறது. கறுப்பு வட்டத்துக்குள் சாம்பல் நிறம். "லைட்ட எடு, லைட்ட எடு" என்று கத்துகிறாள். "யாரையும் கூப்புடாத. விடியட்டும்" என்கிறாள்.

விடியட்டும் என்கிறாள். பழுக்கட்டும் என்றாள், பன்னிரண்டாவது முடியட்டும் என்றாள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் கண்ணு. இந்தக் கடிதம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிறக்காத உன்னிடம் சொன்னால் யாருக்கு என்ன ஆகப்போகிறது? நான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஜீப் ரைட்டர் ஐயாவிடம்தான் இருக்கிறது. அவரிடம்தான் சொல்லவே கூடாது. போகிறேன்.

இதைச் சேலத்தில் ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அன்றைக்குப் பிறகு சில நாட்கள் ஆகிவிட்டன. அம்மா கட்டிலில் தூங்குகிறாள். வராந்தா லைட் போர்வைமேல் விழுகிறது. இன்னும் ஒளித்துத்தான் எழுதுகிறேன், பழக்கமாகிவிட்டது.

அன்று ஸ்டெல்லாக்காவை எழுப்பி அம்மாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு ரைட்டர் ஐயா வீட்டுக்கு ஓடினேன். பனியில் பாதை தெரியவில்லை. கதவைத் தட்டியதும் குரங்குக் குல்லாவோடு வந்து நின்றார். எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஏனுங்க, அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்க. நொம்ப நாளாவே தெரியாதுங்க. பச்சக்காயெல்லாம் நாந்தானுங்க பொறுக்கி டிபன் பாக்ஸுல ஒளிச்சு வெச்சேன். அவங்க வேணும்னு பண்ணலீங்க..."

"அட, அத எதுக்குப் புள்ள இப்பச் சொல்ற? இப்ப என்ன ஆச்சு?"

"வாந்தி எடுக்கறாங்க. கண்ணு ரத்தமா இருக்குதுங்க."

"அதயல்ல மொதல்ல சொல்லோணும்! நில்லு, சாவி எடுத்துட்டு வாரேன்."

மலை இறங்கும்வரை அம்மா என் மடியில் தலை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "சத்தியம் பண்ணுனியே." ஒவ்வொரு வளைவிலும் அது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்டெல்லாக்கா முன்சீட்டில் ஜெபம் செய்துகொண்டே நடுநடுவே "மெதுவாப் போங்க ரைட்டரே" என்று அவரைத் திட்டிக்கொண்டு வந்தார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்றார்கள். மருந்தும் டிரிப்பும் ஏற்றி அதைக் குறைத்துவிட்டுப் பிறகுதான் புரையை எடுத்தார்கள். டாக்டரம்மா என்னிடம் மறைக்கவில்லை. வலது கண் நரம்பு கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, முழுப் பார்வை வரும் என்று சொல்ல முடியாது என்றார். கேம்ப் சமயத்தில் வந்திருந்தால் இந்தப் பேச்சே இருந்திருக்காது. விடியட்டும் என்று இருந்திருந்தால் இந்த அளவும் மிஞ்சியிருக்காது. இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். முதலாவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இடது கண்ணை அடுத்த மாதமே எடுத்துவிட வேண்டும். பழுக்க விடப்போவதில்லை. வீட்டைப் பற்றி ரைட்டர் ஐயாவிடம் கேட்டேன். "கண்ணு ஆறட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் தெரியவில்லை.

இன்று காலையில் கட்டைப் பிரித்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். "எளச்சுப் போயிட்ட" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்மேல் கோபம் இன்னும் இருந்தது. கஞ்சி வாங்கப் பாத்திரம் வேண்டும் என்று நான் தூக்குவாளியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அம்மா என் பள்ளிக்கூடப் பையைத் துழாவி டிபன் டப்பாவை எடுத்துவிட்டாள். அன்று ராத்திரி அவள் சேலைகளை அந்தப் பையில்தான் திணித்துக்கொண்டு வந்திருந்தேன். டப்பாவில் கடைசி நாள் அள்ளியது அப்படியே இருந்தது. நான் பார்ப்பதற்குள் திறந்துவிட்டாள்.

ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் கறுத்துப்போயிருந்தாலும் பச்சை பச்சையாகத்தான் தெரிந்தது. ஒரு காயை எடுத்து நகத்தால் அழுத்தினாள். கல்லு மாதிரி இருந்தது.

"இது யாரு பறிச்சது?"

டப்பாவை வாங்கக் கையை நீட்டினேன். அம்மா கொடுக்கவில்லை.

"நானா?"

தலையாட்டினேன்.

"இத்தனையுமா? எத்தன நாளுது?"

"ஒரு நாளுதும்மா."

அம்மா டப்பாவுக்குள் விரலை விட்டுக் காய்களைக் கிளறிப் பார்த்தாள். நான் அடி விழும் என்று நினைத்தேன். "ஆடு போதும்" என்றாள், ரைட்டர் ஐயாவின் குரலிலேயே. சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். நர்ஸ் ஓடி வந்து, ஆபரேஷன் செய்த கண்ணோடு அழக் கூடாது என்று இரண்டு பேரையும் திட்டினார். நர்ஸ் போன பிறகு அம்மா மூடியை அழுத்தி மூடி என் கையில் கொடுத்தாள். "அன்னைக்கே என்ற முன்னால கொட்டியிருக்கலாமல்ல சாமி" என்றாள்.

அதுதான் கண்ணு. இவ்வளவு நீளமாக எழுதியதில் உனக்கு ஞாபகம் இருக்க வேண்டியது அது ஒன்றுதான். நான் வயதாகி, டீயில் விரல் விட்டு, வெயிலில் முந்தானையை இழுத்துக்கொண்டு, எனக்கொன்றுமில்லை என்று சொல்லும் நாளில் என் தப்புகளை எனக்குத் தெரியாமல் பொறுக்கி எடுக்காதே. பாசத்தால்கூட எடுக்காதே. நான் சத்தியம் கேட்டால் கொடுக்காதே. கொடுத்திருந்தால் மீறு. நான் கோபித்துக்கொள்வேன், சில நாள் பேசாமலும் இருப்பேன். இருக்கட்டும். என் பச்சைக்காயை அள்ளி என் முன்னாலேயே கொட்டு.